எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த ஏபிஐ: வேலை செய்கிறது, காரணம்தான் சொல்வதில்லை

நான் மதிப்பிடப்போவது ஒரு சமூக வலைத்தளத்தின் ஏபிஐயை, அதாவது நம் நிரல் அந்தத் தளத்தோடு பேசுவதற்கான வாசலை. எந்தத் தளம் என்று பெயர் போடப் போவதில்லை. எங்கள் செயலிக்கு இன்னும் ஓர் அனுமதி வேண்டியிருக்கிறது, அதற்கான விண்ணப்பம் அவர்களுடைய ஆய்வு வரிசையில் நிற்கிறது. காரியம் ஆகும்வரை வாயை அடக்குவது நல்லது. பெரிய தளங்களில் ஒன்று, உங்களுக்கும் அதில் கணக்கு இருக்கும். இங்கே நான் புலம்பப்போகும் சிக்கல்களில் முக்கால்வாசி எந்தத் தளத்தின் ஏபிஐயைத் தொட்டாலும் வரக்கூடியவைதான். அதனால் பெயர் தெரியாமல் போவதில் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

மூன்று பேர் நடத்தும் சிறு பதிப்பகம் எங்களுடையது. ஆசிரியர், வடிவமைப்பாளர், நான். புத்தக அறிவிப்புகளை நேரம் குறித்து வெளியிட வேண்டும், கீழே வரும் கருத்துகளை ஒரே இடத்தில் படித்துப் பதில் போட வேண்டும். இதற்கொரு சின்னக் கருவி எழுதினேன். நிரல், சர்வர், ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும் அலாரம் எல்லாம் என் பொறுப்பு. எட்டு மாதத்தில் சுமார் முந்நூறு பதிவுகள் போயிருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதற்கு இந்த மதிப்புரை உதவாது. தனி ஆளாக இதில் இறங்குகிறவருக்கு உதவும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். டெவலப்பர் கணக்கு பத்து நிமிடத்தில் கிடைத்தது. ஆவணங்கள் தெளிவானவை. உதாரண நிரலை அப்படியே எடுத்து ஒட்டினால் ஓடுகிறது, இது அபூர்வம். உலாவியிலேயே கோரிக்கை அனுப்பிப் பார்க்க ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஒரு சோதனைப் பதிவு போட்டுவிட்டேன். ஆசிரியரிடம் காட்டினேன். "அடுத்த வாரத்துலேருந்து இதுலேயே போட்டுடலாமா அம்மா?" என்றார். "தாராளமா சார்" என்றேன். அந்த அடுத்த வாரம் வர ஆறு வாரம் ஆயிற்று.

முதல் முட்டுக்கட்டை உள்நுழைவு. ஏறக்குறைய எல்லாத் தளங்களும் ஓஆத் 2.0 முறையைத்தான் பின்பற்றுகின்றன. 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியான விதிமுறை அது. பயனரைத் தளத்துக்கு அனுப்புகிறோம், அவர் அங்கே சம்மதம் சொல்கிறார், தளம் ஒரு தற்காலிகக் குறியீட்டோடு அவரை நம் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது, நாம் அந்தக் குறியீட்டைக் கொடுத்து, அவர் பெயரில் கோரிக்கை அனுப்ப உதவும் அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிக்கொள்கிறோம். இதில் திரும்பி வரும் முகவரி, டேஷ்போர்டில் (செயலியின் அமைப்புகளை நிர்வகிக்கும் பக்கத்தில்) நாம் பதிந்து வைத்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நான் பதிந்த முகவரியின் கடைசியில் சாய்வுக்கோடு இல்லை. நான் பயன்படுத்திய நிரல் கட்டமைப்பு தானாக ஒன்றைச் சேர்த்து அனுப்பியது. தளம் சொன்ன பதில்: "தவறான கோரிக்கை". எது தவறு? சொல்லவில்லை. அந்த ஒரு சாய்வுக்கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போயிற்று. மறுநாள் என் கணினியில் லோக்கல்ஹோஸ்ட் என்று பதிந்துவிட்டு 127.0.0.1 என்று திறந்தேன், அதே பதில். இரண்டும் என் கணினியையே குறிக்கும் முகவரிகள் என்பது எனக்குத் தெரியும், தளத்துக்கு அவை வெவ்வேறு எழுத்துச் சரங்கள்.

அந்தத் தற்காலிகக் குறியீட்டை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். ஆயுளும் குறைவு, அதிகபட்சம் பத்து நிமிடம் போதும் என்று விதிமுறையே பரிந்துரைக்கிறது. ஆசிரியருக்கு எந்தப் பக்கம் மெதுவாக வந்தாலும் ரீஃப்ரெஷ் பொத்தானை அழுத்தும் பழக்கம். அழுத்தியதும் அதே குறியீடு இரண்டாம் தடவை போய் "செல்லாத அனுமதி" என்று திரும்பியது. டோக்கன் வாங்கிய கையோடு அவரை வேறொரு பக்கத்துக்குத் தள்ளிவிடும்படி மாற்றினேன். பழக்கத்தை மாற்றுவதைவிட அது சுலபம்.

அப்புறம் வந்தது 403. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் கசந்த விஷயம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதிலோடு வரும் எச்டிடிபி நிலை எண்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. 401 என்றால் நீ யாரென்று நிரூபிக்கவில்லை. 403 என்றால் உன்னைத் தெரியும், ஆனால் இதற்கு உனக்கு அனுமதி இல்லை. இந்தச் சேவையில் டோக்கன் காலாவதியானால் 400, அதாவது பொதுவான "தவறான கோரிக்கை", வருகிறது. உண்மைக் காரணம் பதிலுக்குள்ளே ஒரு துணை எண்ணில் ஒளிந்திருக்கிறது. பேஸ்புக்கின் கிராஃப் ஏபிஐயைத் தொட்டவர்களுக்கு 190 என்ற எண் நினைவிருக்கும், டோக்கனில் கோளாறு என்று பொருள். அதே பாணிதான் இங்கேயும். துணை எண் வந்தால்கூடச் சமாளிக்கலாம். 403 வரும்போது அதுவும் வருவதில்லை. "அனுமதி இல்லை" என்ற இரண்டே சொல்.

எனக்கு மட்டும் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன. முதல் தடவை, நான் கேட்க வேண்டிய ஸ்கோப்பை, அதாவது இன்ன காரியத்துக்கு என்று தனியாகக் கேட்கும் அனுமதியை, கேட்கவே இல்லை. என் தப்பு. இரண்டாவது தடவை, செயலி இன்னும் சோதனை நிலையிலேயே இருந்தது. சோதனையாளர் பட்டியலில் இல்லாத வடிவமைப்பாளரின் கணக்கு உள்ளே வர முடியவில்லை. மூன்றாவது காரணம்தான் அழகு. எல்லா ஸ்கோப்பும் கேட்டிருக்கிறேன், செயலியும் நேரலை நிலைக்கு வந்துவிட்டது, என் கணக்கில் கருத்துகள் வருகின்றன, ஆசிரியர் கணக்கில் மட்டும் 403.

"என்னம்மா, வந்துச்சா?"

"நானூத்தி மூணுன்னு வருது சார்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"உள்ளே வராதேன்னு அர்த்தம்."

"என் கணக்குக்குள்ள என்னையேவா?"

இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. சம்மதம் கேட்கும் திரையில் ஒவ்வொரு அனுமதிக்கும் எதிரே ஒரு பெட்டி இருக்கிறது, வேண்டாததை எடுத்துவிடலாம். ஆசிரியர் கவனமான மனிதர். "கருத்துகளைப் படிக்க" என்ற பெட்டியிலிருந்த டிக்கை எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "எதுக்கும்மா அவங்களுக்கு அதெல்லாம்?" என்றார். அந்த "அவங்க" நான்தான் என்று விளக்கினேன்.

நாம் கேட்ட அனுமதி வேறு, பயனர் கொடுத்த அனுமதி வேறு. டோக்கன் கையில் வந்ததுமே, அதில் எந்தெந்த ஸ்கோப் இருக்கிறது என்று தளத்திடமே கேட்டுச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தளங்களில் அதற்கென ஒரு முகவரி இருக்கிறது. இங்கேயும் இருக்கிறது, ஆவணத்தின் மூலையில். இதை முதல் வாரமே செய்திருந்தால் மூன்று 403-உம் மூன்று நிமிட வேலையாக முடிந்திருக்கும்.

403-ஐவிட மோசம் 200. எல்லாம் சரி என்று சொல்லி ஒரு வெறும் பட்டியலைக் கையில் கொடுப்பது. சோதனை நிலையில் உள்ள செயலிக்குச் சில விவரங்களை இந்தத் தளம் மறுப்பதில்லை, காலியாகத் திருப்பித் தருகிறது. கருத்தே யாரும் போடவில்லை போலிருக்கிறது என்று நான்கு நாள் நாங்கள் மூவரும் மனம் வாடியிருந்தோம்.

டோக்கன் புதுப்பிப்பில் ஒரு பாடம் உண்டு, அதில் குற்றம் என்னுடையதே. பயன்பாட்டு டோக்கனின் ஆயுள் சில மணி நேரம், அது முடிந்தால் புதுப்பிப்பு டோக்கனைக் கொடுத்துப் புதியது வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பு டோக்கனும் மாறிவிடும். என்னிடம் இரண்டு வேலைகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று பதிவு போட, ஒன்று கருத்துகளைச் சேகரிக்க. எப்போதாவது இரண்டும் ஒரே நொடியில் டோக்கன் முடிந்ததைக் கண்டு, ஒரே புதுப்பிப்பு டோக்கனோடு ஓடின. முதலில் போனதற்குப் புதியது கிடைத்தது. இரண்டாவதாகப் போனது ஏற்கெனவே செலவான டோக்கனை நீட்டியது. திருட்டு டோக்கன் என்று தளம் முடிவு கட்டி எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டது. அப்படித்தான் செய்ய வேண்டும். 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700-இன் பாதுகாப்பு அறிவுரையும் அதுதான். ஆனால் இது பத்து நாளுக்கு ஒரு தடவை, அதுவும் நள்ளிரவில் நடக்கும்போது காரணம் பிடிபடாது. தரவுத்தளத்தில் டோக்கன் இருக்கும் வரிசைக்கு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே தொடும்படி ஒரு பூட்டுப் போட்டேன், அதன் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை.

ரேட் லிமிட், அதாவது குறித்த நேரத்துக்குள் எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்ற வரம்பு. இதில் இந்தத் தளத்தின் மேல் குறையே இல்லை. வரம்பு என்ன, எவ்வளவு மிச்சம், எப்போது மீண்டும் திறக்கும் என்று மூன்றையும் ஒவ்வொரு பதிலின் ஹெட்டரிலும் (பதிலோடு சேர்ந்து வரும் தலைப்புக் குறிப்பில்) அனுப்புகிறார்கள். தாண்டினால் முறைப்படி 429, அளவுக்கு மீறிய கோரிக்கைகள் என்று பொருள். குட்டிச்சுவர் ஆக்கியது நான். "எப்போது திறக்கும்" என்பதை 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நொடிகளாக அவர்கள் தருகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் அதை மில்லிநொடியாக எதிர்பார்க்கும். ஆயிரத்தால் பெருக்க மறந்தேன். என் நிரலின் கணக்குப்படி கதவு 1970 ஜனவரியிலேயே திறந்துவிட்டது, காத்திருக்கத் தேவையே இல்லை. 429 வரவர உடனே மறுபடி தட்டியது, நொடிக்கு இருபது தடவை. ஒரு நாள் முழுக்கச் செயலியை முடக்கிவிட்டார்கள். அந்த முடக்கத்துக்கு மட்டும் மின்னஞ்சலில் விளக்கமாகக் காரணம் எழுதியிருந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். ஹெட்டரில் வரும் நேரம் நொடியா, மில்லிநொடியா, முழுத் தேதியா என்பது தளத்துக்குத் தளம் மாறும். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் முழுத் தேதியாகவே தருகிறது. ஒருமுறை அச்சடித்துப் பார்த்துவிட்டு நிரல் எழுதுங்கள். காத்திருப்பை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் சீரற்ற இடைவெளியையும் கலந்துவிடுங்கள்.

இனி வெப்ஹூக். யாராவது கருத்துப் போட்டால் தளமே நம் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும் வசதி. அனுப்பியது தளம்தான், வேறு யாரோ இல்லை என்று உறுதிசெய்ய ஒரு கையொப்பமும் சேர்ந்து வரும். செய்தியையும் நமக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்லையும் சேர்த்து எச்மேக் முறையில் கணக்கிட்ட ஒரு நீண்ட சரம் அது. நாமும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தினால் ஏற்க வேண்டும்.

எழுதி முடித்தேன். வடிவமைப்பாளர் "டெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் ஒரு கருத்துப் போட்டார், வந்தது. இன்னும் நான்கு போட்டார், வந்தன. கதவைத் திறந்துவிட்டோம். வாசகர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஒன்றுகூட வரவில்லை. சர்வரின் பதிவேடான லாக்கைப் பார்த்தால் வரிசையாகக் "கையொப்பம் பொருந்தவில்லை". ரகசியச் சொல்லை மாற்றிப் பார்த்தேன். சர்வரை மாற்றிப் பார்த்தேன். யாரோ நம்மைத் தாக்குகிறார்களோ என்றுகூட ஒரு மணி நேரம் பயந்தேன். பிறகு வடிவமைப்பாளரிடம் மறுபடி ஒன்று போடச் சொன்னேன். "டெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் போட்டார், வந்தது. "சோதனை" என்று தமிழில் போட்டார், வரவில்லை!

விஷயம் இவ்வளவுதான். வந்த செய்தியை என் நிரல் கட்டமைப்பு ஜேசன் (தரவை எழுத்தாக அனுப்பும் ஒரு வடிவம்) என்று தெரிந்ததும் பிரித்து வைத்துவிடுகிறது. நான் அதை மறுபடி எழுத்துச் சரமாக்கிக் கையொப்பம் கணக்கிட்டேன். அவர்கள் அனுப்பும்போது க என்ற எழுத்தைக் க என்றே எழுதுவதில்லை. பின்சாய்வுக்கோடு போட்டு அதன் யூனிகோட் எண்ணை (உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் பொது எண்) எழுதுகிறார்கள். அது ஆறு சாதாரண எழுத்து. நான் திரும்பக் கட்டியபோது அது க என்ற ஒரே எழுத்தாக, மூன்று பைட்டாகிவிட்டது. பொருள் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. கையொப்பத்துக்குப் பைட்டுகள்தான் கணக்கு. ஆங்கிலத்துக்கு இந்த மாற்றம் நடப்பதே இல்லை, அதனால்தான் எல்லாச் சோதனையிலும் தேறியது. வந்த பைட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே அப்படியே எடுத்துவைத்துக் கணக்கிட்டால் சரியாகிவிடும். ஆவணத்திலும் ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே கொடுத்திருக்கும் உதாரணச் செய்தி ஆங்கிலத்தில்தான்.

வெப்ஹூக்கில் இன்னொன்று: கூப்பிட்டதும் 200 என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பிறகு செய்யுங்கள். நான் வேலையை முடித்துவிட்டுப் பதில் சொன்னேன். தாமதமானதால் போய்ச் சேரவில்லை என்று நினைத்து அவர்கள் மறுபடி அனுப்பினார்கள். ஒரு வாசகருக்கு எங்களிடமிருந்து மூன்று "மிக்க நன்றி" போயிற்று. "ஒரு தடவை சொன்னா போதுங்க" என்று எழுதியிருந்தார். வரும் ஒவ்வொரு நிகழ்வின் அடையாள எண்ணையும் குறித்துவைத்து, இரண்டாவதாக வருவதைத் தள்ளிவிட வேண்டும்.

எழுத்து எண்ணிக்கைக்கு வருகிறேன். தமிழில் பதிவிடும் செயலி எழுதும் எவரும் இதில் தடுக்கி விழுவார்கள். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. யூனிகோட் குறிகளாக எண்ணினால் ஐந்து, இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பைட்டாக எண்ணினால் பதினைந்து. எந்தக் கணக்கு என்று தளம்தான் சொல்ல வேண்டும். புளூஸ்கை என்ற சமூக வலைத்தளம் இதில் முன்மாதிரி. பதிவின் நீளத்துக்கு 300 என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள், பதிவுக்குள் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது யூடிஎஃப்-8 பைட்டுகள் என்று ஆவணத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். நான் மதிப்பிடும் இந்தச் சேவையின் ஆவணத்தில் இரண்டு இடத்திலும் "எழுத்து" என்று மட்டும் இருக்கிறது.

யூனிகோட் குறிகள் என்று ஊகித்தேன். ஒரு மாதம் சரியாகவே போயிற்று. ஒருநாள் வடிவமைப்பாளர் பதிவின் தொடக்கத்தில் புத்தக அடுக்கு எமோஜி ஒன்றைப் போட்டார். பதிவிலிருந்த எழுத்தாளர் கணக்கின் இணைப்பு ஒரு குறி இடம்மாறி, பெயரின் கடைசிப் புள்ளி மட்டும் வெளியே தொங்கியது. அவர்கள் எண்ணுவது யூடிஎஃப்-16 என்ற இன்னொரு சேமிப்பு முறையின் அலகுகள். நாம் வழக்கமாக எழுதும் தமிழ்க் குறிகள் எல்லாம் அதில் ஒரே அலகு, எமோஜிகளில் பெரும்பாலானவை இரண்டோ அதற்கு மேலோ. அதனால் தமிழ் மட்டும் இருக்கும்வரை என் தவறு வெளியே தெரியவே இல்லை.

ஹேஷ்டேகிலும் ஒரு பிழை இருந்தது. "நோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். நகரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக ஒரு வகை, ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக ஒரு வகை. திரையில் அச்சு அசல் ஒன்றே. ஆசிரியர் வேறெங்கோ தட்டச்சு செய்து ஒட்டியதில் இரண்டாவது வகை வந்திருந்தது. "நூல்நோக்கு" என்ற எங்கள் ஹேஷ்டேக் இரண்டாகப் பிரிந்து, பாதிப் பதிவுகள் ஒரு பக்கத்திலும் மீதி இன்னொரு பக்கத்திலும் கிடந்தன. அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். பெரும்பாலான நிரல் மொழிகளில் அது ஒரே வரிதான்.

பதிவுகளின் அடையாள எண்கள் பற்றி ஒரு வார்த்தை: அவற்றை எண்ணாக வாசிக்காதீர்கள், எழுத்துச் சரமாகவே வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பிழையில்லாமல் பிடித்துவைக்கும் முழு எண் 9007199254740991 வரைதான். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் மாறி, இல்லாத பதிவைத் தேடிப்போய் 404, அதாவது "காணவில்லை" என்ற பதிலை, வாங்கி வருவீர்கள். ட்விட்டர் 2010-இலேயே இதற்காகத்தான் எண்ணைச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது.

உதவிப் பிரிவு. மன்றத்தில் கேள்வி போட்டால் பதில் சொல்வது பெரும்பாலும் நம்மைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொருவர். தளத்தின் ஆட்களிடமிருந்து பதில் வாங்க நான் கண்ட ஒரே வழி கோரிக்கை அடையாள எண். ஒவ்வொரு பதிலின் ஹெட்டரிலும் அது வருகிறது. அதையும் நேரத்தையும், கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியில் அதே கோரிக்கையை அனுப்பினால் வரும் முழு உரையாடலையும் சேர்த்து எழுதினால் இரண்டு நாளில் மனிதர் ஒருவர் பதில் எழுதுகிறார். ஒட்டுவதற்கு முன் டோக்கனை அழித்துவிடுங்கள். நான் ஒருமுறை அப்படியே ஒட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போய் ரத்து செய்தேன். கர்லில் வேலை செய்து நிரலில் செய்யவில்லை என்றால் கோளாறு நம் பக்கம். இரண்டிலும் ஒரே மாதிரி உடைந்தால் அவர்களுக்கு எழுதலாம்.

மதிப்பெண் கேட்டால், தொடக்க ஆவணங்களுக்கு ஐந்துக்கு நாலரை, ரேட் லிமிட் ஹெட்டர்களுக்கு ஐந்து, பிழைச் செய்திகளுக்கு ஒன்று. அந்த ஒன்றும் முடக்கத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்காக. சேவை நின்றுபோனது எட்டு மாதத்தில் இரண்டே தடவை, அதுவும் அரை மணிக்குள் சரியாகிவிட்டது. ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாருக்காவது வாக்குக் கொடுத்துவிட்டு இதைத் தொடாதீர்கள். அனுமதி ஆய்வுக்கு மட்டுமே எங்களுக்கு முதல் முறை மூன்று வாரம் பிடித்தது. செயலி எப்படி இயங்குகிறது என்று திரையைப் பதிவுசெய்து வீடியோ கேட்டார்கள். அனுப்பினேன். எங்கள் திரை தமிழில் இருந்ததால் எந்தப் பொத்தான் எது என்று புரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில் விளக்க வரிகள் ஒட்டி மறுபடி அனுப்பினேன், கிடைத்தது.

இப்போது கேட்டிருப்பது தனிச் செய்திகளுக்குப் பதில் எழுதும் அனுமதி. இந்தத் தடவை விளக்க வரிகளோடுதான் வீடியோ போயிருக்கிறது. ஐந்தாவது வாரம். காலையில் டேஷ்போர்டைத் திறந்தேன், "ஆய்வில் உள்ளது" என்று பச்சை எழுத்தில் இருந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆசிரியர், "பச்சையா இருக்கே, கிடைச்சிடுச்சா?" என்றார்.